வாய் தைத்த மீன்

“என் பொண்ணு போய்ச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை, அவ சமையல் மேடையில மீனா?” குகட்பள்ளி வீட்டுக்குள் நுழைந்த ரமணி கத்தினாள்.

மருமகன் பத்ரி, அயிலை மீனின் வயிற்றுக்குள் தூண்டில் முள்ளை மறைத்து, அதன் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“சாப்பிட இல்லை அத்தை, இரை. ஓடுற படகுக்குப் பின்னால இழுத்துட்டுப் போகணும். வாய் திறந்திருந்தா தண்ணி புகுந்து சுத்தும், பெரிய மீன் நம்பாது. நாளைக்கு விசாகப்பட்டினத்துல மீன்பிடிப் போட்டி.”

“நாம சைவம், மாப்பிள்ளை! ஹம்ஸினி இருந்திருந்தா இதைப் பொறுத்திருப்பாளா?”

பத்ரி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். படகில் நின்று, பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள் ஹம்ஸினி.

“ஆபீஸ் டூர்னு உங்ககிட்ட சொன்னதெல்லாம் இதுக்குத்தான். இந்தத் தடவை அவ இடத்துக்கு ஆள் இல்லை. அதான் நான் போறேன். கடல்ல இறங்கினதே கிடையாது, அத்தை.”

ரமணி படத்தையே பார்த்தாள். பிறகு ஊசிக்குக் கை நீட்டினாள்.

“தள்ளுங்க. தையல் கோணலா இருக்கு.”