இரண்டு காலும் உள்ளவன்

"ரெண்டு காலும் நன்னாத்தானே இருக்கு? அப்புறம் என்ன வந்தது உனக்கு?"

வத்சலா கேட்டாள். சின்னசாமி வாசல் கதவை ஒட்டி நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சுந்தரி சமையலறைப் பக்கம் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லேக் கார்டன்ஸில் இந்த வீட்டில்தான் சுந்தரி சமையல் வேலை பார்த்தாள். புருஷனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லச் சொல்லி வத்சலாவிடம் முறையிட்டதும் அவள்தான்.

வத்சலாவின் கணவர் ஜம்புநாதன் பவானிபூரில் விளம்பரப் போர்டு கம்பெனி நடத்தி வந்தார். ரோட்டோரம் மூங்கில் சாரம் கட்டி, மாடி உயரத்துக்குப் போர்டு மாட்டுகிற வேலை. வயசாகிவிட்டது, பிள்ளைக்கும் இதில் இஷ்டமில்லை என்று சமீபத்தில்தான் ஒரு பம்பாய் கம்பெனிக்கு விற்றார்.

வாங்கினவர்கள் பழைய ஆட்களை அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., ஒருத்தர் விடாமல் எல்லோர் பேரிலும் விபத்து இன்சூரன்ஸ். எல்லோரும் வேலையில் சேர்ந்துவிட்டார்கள், அங்கே போர்டு மாட்டிக்கொண்டிருந்த சின்னசாமியைத் தவிர. அவன் ஜதுபாபு பஜாரில் காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அதுவும் வேலை கிடைக்கிற நாளில்தான். பெண் காலேஜில் சேர வேண்டிய வருஷம். ஏன் போகவில்லை என்று சுந்தரி கேட்டால் வாயே திறப்பதில்லை.

"அந்த ரபீக்கைப் பாரு," என்றாள் வத்சலா. "போர்டு மாட்டறச்சே விழுந்து ஒரு கால் போச்சு. அவன் சும்மாவா உக்காந்துட்டான்? சார் வாங்கிக் குடுத்த இன்சூரன்ஸ் பணத்துல கடை வெச்சுக் குடும்பத்தைக் காப்பாத்தறான். உனக்கு வெக்கமா இல்லையா?"

சின்னசாமி ஒரு தடவை நிமிர்ந்து, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜம்புநாதனைப் பார்த்தான். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அந்த வேலை எனக்கு வேண்டாங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வத்சலாவுக்கு ஆறவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பான் என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அவனவன் இஷ்டம், விடு என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அவள் விடுவதாக இல்லை. மறுநாள் பெஹாலாவில் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில், டிராம் டிப்போ பக்கம் ரபீக்கின் கடையில் இறங்கினாள்.

ஆம்பூர்க்காரன் முகமது ரபீக். சோப்பு, பிஸ்கட், சிகரெட் விற்கிற சின்னக் கடை. முதலாளி அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்க ஊன்றுகோலைத் தேடினான். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னாள். நீயும் சின்னசாமியும் ஒரே அறையில் தங்கி ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், நீ சொன்னால் கேட்பான், ஒரு ஆம்பிளை இவ்வளவு சோம்பேறியாக இருக்கக்கூடாது என்றாள்.

ரபீக்கின் முகம் மாறியது. அண்ணா என்கிற மாதிரி 'தாதா' என்று கூப்பிட்ட ஒரு வங்காளிப் பெண்ணுக்கு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினான்.

"அவனை அப்படிச் சொல்லாதீங்கம்மா. அவன் அந்தப் புதுக் கம்பெனிக்குப் போக முடியாது."

"ஏன்?"

"இன்சூரன்ஸ் ஆபீஸ் கணக்குல கால் போனவன் சின்னசாமிதான்."

வத்சலாவுக்குப் புரியவில்லை. ரபீக் விவரமாகச் சொன்னான்.

அது நடந்து பல வருஷம் ஆகிறது. அப்போது இன்சூரன்ஸ் பிரீமியம் அதிகம். உயரத்தில் ஏறுகிற வேலை என்றால் இன்னும் அதிகம். அதனால் சார் பாதிப் பேருக்குத்தான் பாலிசி எடுத்திருந்தார். மீதிப் பேர் அங்கே வேலை பார்ப்பதாகவே காட்டவில்லை. துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு மழை நாளில், ராஷ்பிஹாரி முனையில் சாரம் சரிந்து ரபீக் விழுந்தான். பாலிசியில் அவன் பேர் இல்லை. சின்னசாமி பேர் இருந்தது.

"டாக்சியில அவன் மடியிலதாம்மா படுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில என் பேரைக் கேட்டாங்க. அவன் தன் பேரைச் சொன்னான். யாரும் சொல்லிக் குடுக்கலை. கால் எடுத்தது, பணம் வந்தது எல்லாம் அந்தப் பேர்லதான். கைநாட்டு மட்டும் என்னுது."

விபத்துக்கு அப்புறம் சார் பயந்துபோய் மற்ற எல்லோரையும் பாலிசியில் சேர்த்தார். கால் போனவன் என்று சாரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆளை எப்படிச் சேர்ப்பது? அத்தனை வருஷமும் சின்னசாமி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் மேலே ஏறினான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

வத்சலாவுக்கு நேற்று அவன் முகத்துக்கு நேரே கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"சார்கிட்ட சொல்லியிருந்தா ஏதாவது வழி பண்ணியிருப்பாரே," என்றாள் கடைசியில். "இப்படிப் பயந்துண்டு அவனா ஒதுங்கணுமா?"

ரபீக் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"அவன் பயப்படலைம்மா. பொண்ணு படிப்புக்காகச் சேரத்தான் கிளம்பினான். வந்தது வரட்டும், போடான்னு நானும் சொன்னேன். திரும்பவும் உன் பேரு அதே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனா நான் ஜெயிலுக்குப் போகணும், போகாதடான்னு இதே கடையில அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது சார்தாம்மா."