அப்பாவின் கரடிமணி

ஹொக்கைடோ மலைகளில் கரடிமணி இல்லாமல் யாரும் நடப்பதில்லை. மணியோசை கேட்டு மனிதர் வருவது தெரிந்தால் கரடி தானே விலகிப் போய்விடும். சாகும்முன் அப்பா தன் பித்தளை மணியை இளையவள் கயோவுக்குத்தான் கொடுத்தார். “மிசாவோ தைரியசாலி, அவளுக்கு எதுக்கு?” என்றார். அந்தச் சொல் மூன்று வருடமாக மூத்தவள் மிசாவோவின் வயிற்றில் எரிந்தது. அவள் பையில் தொங்கியது கடையில் வாங்கிய தகர மணி.

அன்று காலை கூடாரத்தைச் சுருட்டும்போது, தங்கையின் பையிலிருந்த பித்தளை மணியை அவிழ்த்துத் துண்டில் சுற்றி ஒளித்துக்கொண்டாள்.

“என்னக்கா, ஆமை மாதிரி வர்றே? சோத்துருண்டை மொத்தத்தையும் நீயே தின்னுட்டியா?” கயோ சிரித்தபடி ஆளுயர மூங்கில்புல்லுக்குள் மறைந்தாள்.

அடுத்த திருப்பத்தில் கரடிச் சாணம் கிடந்தது. அதில் இன்னும் ஆவி பறந்தது. மிசாவோ நடையை எட்டிப் போட்டாள். அப்போது முன்னால் மணி கேட்டது. ஒரு நீண்ட ஒலி, ஒரு குறுகிய ஒலி. வலது காலை இழுத்து நடந்த அப்பாவின் இடுப்பில் அது அப்படித்தான் ஒலிக்கும். துண்டைப் பிரித்தாள். மணி அதற்குள்ளேயே இருந்தது.

ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள். “உன் மணிய நாந்தான் எடுத்தேன். பொறாமைடி. மன்னிச்சுடு.”

“போக்கா! கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்றாள் கயோ. “எனக்கு முன்னாடி மணி கேட்டுச்சா, யாரோ போறாங்கன்னு நினைச்சேன்.”

மிசாவோ மணியைத் தங்கையின் பையிலேயே கட்டினாள். இருவரும் அசையாமல் நின்றார்கள். மூங்கில்புல்லுக்குள் அந்த மணியொலி நொண்டி நொண்டிக் கொஞ்ச தூரம் போனது. பிறகு, பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் நின்றது.