அப்பா சொல்லும் எண்

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அதில் புற்றுநோயைக் காட்டும் எண் ஒன்று இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அப்பா அந்த எண்ணைச் சொல்லிவிடுவார். நாற்பத்தொன்று, முப்பத்திரண்டு, பத்தொன்பது. ஒருதடவையும் தப்பவில்லை.

போன தடவை டாக்டர் சிரித்தார். "அப்படியே எனக்கும் ஒண்ணு சொல்லுங்க சார்."

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். "அறுபத்தேழு. ஒருதடவை டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க டாக்டர்."

இன்று போனபோது டாக்டர் விடுப்பில் இருந்தார். நர்ஸ் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவருக்கு அறுபத்தேழுதான் வந்திருக்கு. உங்கப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வீட்டுக்கு வந்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எனக்கு எவ்வளவுப்பா?"

அப்பா வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"போய்த் தூங்கு கண்ணு" என்றார்.

அப்போது சாயங்காலம் மணி நாலு.