பணியில் இருக்கையில்

"அவ போட்டது முழுசா வரும் தம்பி. ஆபீஸ் போட்டது வராது."

சொல்லிவிட்டுச் சம்பளப் பிரிவு அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அந்த வக்கீல் நிறுவனத்தில் அவருக்கு 'ரூல் புக்' என்று பெயர். எதிரே இருந்தவனுக்கு முப்பத்தோரு வயது. அவன் மனைவி இங்கே டைப்பிஸ்டாக நாலரை வருடம் இருந்தாள். இறந்து இருபது நாள் ஆகிறது.

"எனக்குப் புரியலை மேடம்."

அவர் ஒரு தாளை இழுத்து இரண்டு கட்டம் போட்டார்.

"இது ஓய்வுக்காலச் சேமிப்பு. மாசாமாசம் அவ சம்பளத்துல பிடிக்கிறது இந்தக் கட்டத்துக்குப் போகும். அவ ஒண்ணு போட்டா, ஆபீஸ் பக்கத்துல இருக்கிற அந்தக் கட்டத்துல ரெண்டு போடும். இது என்னைக்குமே அவளோடது. அது அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் அவளோடது. நடுவுல வேலையை விட்டா ஆபீஸே திருப்பி எடுத்துக்கும்."

"செத்துப் போயிட்டாளே மேடம்."

"பணியில் இருக்கையில் செத்திருந்தா, நாலே மாசம் வேலை பார்த்திருந்தாலும் மொத்தமா குடுத்திருப்போம். எங்க ஆபீஸ் ரூல் புத்தகத்துல உயிரோட இருக்கிறவங்களைவிட செத்தவங்க மேலதான் இரக்கம் ஜாஸ்தி." அவர் சிரிக்கவில்லை. "ஆனா அவ சாகிறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே ராஜினாமா பண்ணிட்டாளே."

அவன் அந்த இரண்டாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பாவுக்கு மூன்றரை வயது. காது கேட்காது. நாலு முடிவதற்குள் கருவி பொருத்தினால்தான் பேச்சு வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரி வழித்து எடுத்துவிட்டது.

"இங்க நாப்பது வக்கீல் இருக்காங்க" என்றார் ரூல் புக். "அடுத்தவன் பத்திரத்துல ஒரு கமாவைக்கூட விடமாட்டாங்க. இந்தப் புத்தகத்தை மட்டும் ஒருத்தரும் தொட்டதில்லை. பணத்தை எதுல போடணும்னு கேட்டா, 'எல்லாரும் எதுல போடுறாங்களோ அதுலயே தள்ளும்மா'ன்னுவாங்க. உங்க வீட்டுக்காரிதான் ஒரு வரி விடாம படிச்சா. சேர்ந்த அன்னிக்கே எல்லாத்தையும் ஷேர்ல போடச் சொன்னா. 'முப்பது வருஷம் கிடக்குக்கா, ஏறட்டும் இறங்கட்டும், நமக்கென்ன'ன்னா."

"என்கிட்டயும் சொன்னா."

"போன வருஷம் திடீர்னு வந்து, எல்லாத்தையும் கடன் பத்திரத்துக்கு மாத்துங்கன்னா. வயசுப் பொண்ணு, இப்பவே எதுக்குடி பயந்து சாகிறேன்னு திட்டினேன். 'இனிமே இறங்கினா ஏற நேரம் இருக்காதுக்கா'ன்னா. அப்புறம்தான் எனக்கு நோய் விஷயமே தெரியும்."

ரூல் புக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில, கையில டிரிப்ஸ் ஊசியோட லேப்டாப்பை மடியில வெச்சுத் தட்டிக்கிட்டிருப்பாளே, பார்த்திருப்பீங்க."

"பார்த்தேன். எத்தனையோ தடவை பிடுங்கி வெச்சேன். கேட்க மாட்டா."

"எப்படிக் கேட்பா? லீவெல்லாம் தீர்ந்துபோச்சு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் அடிச்சு அனுப்பினாக்கூட வேலையில இருக்கிறதாத்தான் ரூல். நான்தான் சொல்லிக் குடுத்தேன். 'இந்தப் பணம் பாப்பா காதுக்கு ஆகும்க்கா'ன்னா. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னா. 'நான் செத்தா இவ்வளவு வரும்னு அவர் மூஞ்சியைப் பார்த்து எப்படிக்கா சொல்றது'ன்னு அழுதா."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

ரூல் புக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். அவள் போனிலிருந்து வந்த மின்னஞ்சல். 'உடல்நிலை காரணமாக இன்றோடு வேலையிலிருந்து விலகுகிறேன். இனி என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.' அவ்வளவுதான்.

"நானா தம்பி அவளைத் தொந்தரவு பண்ணேன்? பதறிப்போய் மூணு தடவை கூப்பிட்டேன். எடுக்கலை. 'அவசரப்படாதே, ஒரே ஒரு வார்த்தை பேசு'ன்னு மெசேஜ் போட்டேன். என் நம்பரையே பிளாக் பண்ணிட்டா. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. போடின்னு கடிதத்தை மேல அனுப்பிட்டேன்." அவர் அந்தத் தாளை விரலால் தட்டினார். "எல்லாம் தெரிஞ்சவ. இன்னும் பதினோரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? பெத்த பிள்ளையை நினைக்க வேண்டாமா? உங்ககிட்டயாவது சொன்னாளா?"

"சொல்லலை மேடம்."

"பாருங்க! வேற யாராவது அனுப்பியிருந்தா இந்தக் கடிதமே செல்லாதுன்னு முதலாளிங்ககிட்ட சண்டை போட்டிருப்பேன். இவளே தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டா. இப்படியுமா ஒரு அம்மா இருப்பா?"

"அவளைத் திட்டாதீங்க மேடம்." அவன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அதை அவ அனுப்பலை. நான்தான் அனுப்பினேன்."

ரூல் புக் அவனையே பார்த்தார். கோபப்படவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"தப்பா நினைக்கலை தம்பி. பிள்ளைக்காக யாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா அவ போன் அவ கைரேகை வெச்சாத்தான் திறக்கும்னு ஆபீசுக்கே தெரியும். முதலாளிங்க சிரிப்பாங்க. அவ பேரை வெச்சு இந்தப் பொய் வேண்டாம். அவ போட்டதை வாங்கிக்கிறதுக்கு இதுல கையெழுத்துப் போடுங்க."

அவன் பேனாவை வாங்கி, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

மருந்து மயக்கத்தில் அவள் கிடந்த மத்தியானம், ஊசி குத்தியிருந்த கையை நோகாமல் தூக்கி, அவள் கட்டைவிரலைப் போனில் வைத்து அழுத்தியவன் அவன்தான். இனியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று.