‘சாதி தடையில்லை’ பட்டன்

யாராவது ‘சாதி தடையில்லை’ பட்டனை அழுத்தினால் போதும், கல்யாணத் தளம் மொத்தமும் மூச்சு வாங்கியது.

மற்ற தேடல்களெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றன. இந்த ஒன்று மட்டும் வட்டம் சுற்றியது. அது சுற்றி முடிக்கும்வரை சந்தா கட்டியவர்களும் சேர்ந்து காத்துக் கிடந்தார்கள்.

பாலக்காட்டு அலுவலகத்தில், தளத்தின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் பிரதீபாவின் போன் காலையிலிருந்து ஓயவில்லை. கூப்பிட்டது தளத்தின் உரிமையாளர் கமலாத்தாள். மாட்டுத் தரகும் கல்யாணத் தரகும் ஒரே டீக்கடை பெஞ்சில் முடிகிற வேலந்தாவளத்தில் தரகு பார்க்கத் தொடங்கி, கம்ப்யூட்டரில் வரன் பார்க்கும் அளவுக்கு வளர்ந்த பெண்மணி.

“ஏங் கண்ணு, அந்தப் பட்டனையே புடுங்கிப் போட்டுரு. பொழுது சாயறதுக்குள்ள சைட்டு ஓடோணும். அதைய அமுத்தறவன் எவன் இருக்கறான்?”

பிரதீபாவுக்குச் சுருக்கென்றது. கமலாத்தாளிடம் மல்லுக்கட்டி அந்தப் பட்டனை வைத்ததே அவள்தான். அந்தத் தளத்தில் அவள் மனசாரச் செய்த வேலை அது ஒன்றுதான்.

எடுக்காமலே சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

எந்த வழியாகத் தேடுகிறாய் என்று டேட்டாபேஸையே கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டாள். எந்த இன்டெக்ஸையும் தொடவில்லை, இருக்கிற வரன்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் படித்தேன் என்று பதில் வந்தது.

தேடுவதைச் சட்டென்று எடுக்க, அகராதி மாதிரி வரிசைப்படுத்திக் கட்டிவைக்கும் பட்டியல்தான் இன்டெக்ஸ்; இருந்தது ஒன்றே ஒன்று. சாதி, நட்சத்திரம், வயது என்று மூன்றையும் அதே வரிசையில் சேர்த்துக் கட்டியது.

அவள் மூணாறு பக்கத்து எஸ்டேட் லயத்தில், தேயிலைத் தொழிலாளிகளின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். அங்கே தபால்காரர் வீடு கண்டுபிடிப்பதும் இப்படித்தான். முதலில் டிவிஷன், அப்புறம் லயம், அப்புறம் வீட்டு நம்பர். டிவிஷனை விட்டுவிட்டு நம்பரை மட்டும் எழுதினால், மலை முழுக்க ஏறி இறங்கிக் கதவு கதவாகத் தட்ட வேண்டியதுதான்.

சாதியைச் சொல்லாதவருக்கு நட்சத்திரமும் வயதும் கையில் இருந்தும் பயனில்லை.

அந்த வரிசையைப் போட்டதும் அவள்தான். ஊரே முதலில் கேட்பது அதைத்தான் என்று தெரிந்தே போட்டாள். ஊரோடு ஒத்துப்போகிற இன்டெக்ஸ்தான் வேகமாக ஓடும்.

அவளிடமும் அதை முதலில் கேட்டவர் உண்டு. பக்கத்து டிவிஷன் ஜெகனைக் கட்டிக்கொள்கிறேன் என்று போய் நின்றபோது, அப்பா பெரியமுத்து கோபப்படக்கூட இல்லை.

“பையன் நல்லவந்தான் தாயி. நல்லவனா இருந்தாப் போதுமா?” என்றார்.

அதோடு அந்தக் கல்யாணப் பேச்சு முடிந்தது. ஜெகனுக்கு இப்போது போடியில் குடும்பம், பிள்ளைகள். அவள் பாலக்காட்டில் தனியாக இருக்கிறாள். ஊருக்குப் போவது பொங்கலுக்கு மட்டும். கல்யாணம் என்று அப்பா வாயெடுத்தால் போனை வைத்துவிடுவாள். மகளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், அவர் ‘கம்ப்யூட்டர்’ என்பதோடு சரி.

மெதுவான தேடல்களின் பதிவைத் திறந்தாள். பதிவில் ஆள் பெயரோ சாதிப் பெயரோ இல்லை, வெறும் எண்கள்தான். அந்தப் பட்டனை அழுத்தியது ஒரே ஒரு கணக்குதான். நாள் தவறாமல், திரும்பத் திரும்ப.

அதே கணக்கின் பழைய தேடல்களையும் பார்த்தாள். யாரோ ஒரு பெண்ணைப் பெற்றவர். முதலில் சொந்தச் சாதிக்குள், அதிலும் சொந்தப் பிரிவுக்குள் தேடியிருந்தார். அப்புறம் மற்றப் பிரிவுகள். அப்புறம் ‘நமக்குச் சமம்’ என்று ஊரில் ஒப்புக்கொள்கிற சாதிகள். பெண்ணுக்கு வயது ஏற ஏற, மனிதர் படிப்படியாக இறங்கி வந்திருந்தார். கடைசிப் படியில் கால் வைத்தது போன மாதம்தான்.

அவளுக்கு வயிறெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தப் பெண் யாரையாவது சொல்லிக்கொண்டு வந்து நின்ற நாளில், இந்த மகராசன் எங்கே போயிருந்தார்?

ஆனாலும் முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகச் செய்தாள். சாதியைச் சேர்க்காமல், நட்சத்திரத்தில் தொடங்கும் இன்னொரு இன்டெக்ஸைக் கட்டினாள். அவருடைய தேடலையே எடுத்து ஓட்டிப் பார்த்தாள்.

சொடக்குப் போடும் நேரத்தில் பதில் வந்தது. பொருந்தும் வரன் எதுவும் இல்லை.

இத்தனை நாளும் மூச்சு வாங்க வாங்க அது கொண்டுவந்து கொடுத்ததும் இதையேதான்.

அவளுக்குப் பாவமாகிவிட்டது. வயதைக் கொஞ்சம் தளர்த்தினால் ஏதாவது அகப்படுமா என்று பார்க்க, அவர் பதிந்திருந்த விவரத்தைத் திறந்தாள். பெண்ணின் போட்டோ இல்லை. நட்சத்திரம் ஆயில்யம். வேலை கம்ப்யூட்டர்.

மாப்பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்ற இடத்தில் எல்லோரும் படிப்பு, சொத்து, சம்பளம் என்று நீட்டி முழக்குவார்கள். இவர் ஒரே வரி எழுதியிருந்தார்.

‘நல்லவனா இருந்தாப் போதும்.’

கீழே இருந்த போன் நம்பரை அவள் படித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கமலாத்தாள் மறுபடி கூப்பிட்டபோது, தளம் பறந்துகொண்டிருந்தது.

“பட்டனைய எடுத்துட்டயா கண்ணு?”

“எடுத்துட்டேன்மா,” என்றாள் பிரதீபா. “அமுக்குனது ஒரே ஒரு ஆளுதான். அந்தப் பொண்ணுக்கு இனிமே மாப்பிள்ள பாக்க வேண்டாமாம்.”