புழு இல்லை என்ற ரிப்போர்ட்

அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த கதிர்வேலுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையின் நடுவே மலப் பரிசோதனையில் குடற்புழு தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அது நுரையீரல் வரை பரவிவிடும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார்.

"புழுவெல்லாம் லைன் ஊட்டுல கெடக்கற கூலிக்காரனுக்கு வர்றதுங்க டாக்டர். எனக்கா?" கதிர்வேல் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு படுத்திருந்த தையல்காரர் முனீஸைக் காட்டி, "இவனோட சாம்பிளை மாத்தி வெச்சுட்டாங்க" என்றார்.

மனைவி இந்துமதி நீட்டிய மாத்திரையைத் தட்டிவிட்டார். "எனக்குப் புழுன்னு வெளிய சொன்னீன்னா, உங்கப்பன் ஊட்டுக்கே போயிரு."

முனீஸிடம் இந்துமதிதான் மன்னிப்புக் கேட்டாள். ஒன்பதாம் நாள் கதிர்வேல் மூச்சுத் திணறி இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு லேப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"அக்கா, கதிர்வேல் சார் இன்னிக்குக் குடுத்த சாம்பிள்லயும் புழு இருக்குதுங்க. இல்லைன்னு ரிப்போர்ட் குடுத்தாத்தான் எந்திரிப்பேன்னு இங்கயே உக்காந்திருக்காருங்க. என்ன பண்றதுங்க?"

போனில், சற்றுத் தள்ளி, இந்துமதிக்கு நன்றாகத் தெரிந்த இருமல் கேட்டது.

"இருக்கறதையே எழுதிக் குடு கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.