கண்ணீர் அஞ்சலியில் ஒரு சிறு திருத்தம்

வாரக் கடைசியில் கொல்லிமலை ஏறிவிட்டு சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்த இளம்பரிதி, நாற்பத்தாறாவது கொண்டை ஊசி வளைவில் தன் படத்தைக் கண்டு பிரேக் பிடித்தான். கண்ணீர் அஞ்சலி பேனர். ‘சாலை விபத்தில் மறைவு: இன்று மாலை 4.20.’

“அண்ணே, நான் உயிரோடதான் இருக்கேன்.”

“மணி நாலேகால்கூட ஆவலயே தம்பி,” என்றார் ஏணியில் நின்று அதைக் கட்டிக்கொண்டிருந்தவர். “உங்க கையில இருக்கற ஸ்மார்ட் வாட்ச்தான் காலையிலயே கணிச்சு ஆர்டர் குடுத்துச்சு. இதுவரைக்கும் அது தப்புனதில்ல.”

இளம்பரிதி சட்டென்று கீழே இறங்கினான். சைக்கிளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, பாறையோடு ஒட்டி உட்கார்ந்தான். நெஞ்சு படபடத்ததை வாட்ச் கவனித்துக்கொண்டது.

“இனி எப்படிண்ணே விபத்து நடக்கும்?”

பேனர்காரரின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. படித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தார்.

“நடக்காது தம்பி. ‘சாலை விபத்தில்’ங்கறது மேல ‘மாரடைப்பால்’னு ஒட்டணுமாம். கொஞ்சம் ஏணியப் பிடிச்சுக்கறீங்களா?”